இருபது கிலோவுக்கு மேற்பட்டவை

ஜூன் 8, திங்கட்கிழமை

அனுப்புநர்: தங்கள் தங்கையின் முன்னாள் கணவர், எடை அளவு ஆய்வாளர் (முதல் நிலை)

பெறுநர்: என் முன்னாள் மனைவியின் அண்ணன், சாமான் வண்டி உரிமையாளர், எங்கள் பிரிவு ஒப்பந்தத்தின் ஒரே சாட்சி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்களை எவ்வாறு விளிப்பது என்பதற்கு ஒப்பந்தத்தில் பிரிவு எதுவும் இல்லாததால் பழைய விளியே தொடர்கிறது. இதை உறவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நலமாக இல்லையெனில் அதற்கும் என்மேல் ஏதேனும் பொறுப்பு வந்து விழக்கூடும் என்பதால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. என் குறைகள் தேதிவாரியாக:

1. பிப்ரவரி 11. ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடும்போது தாங்கள் சிரித்தீர்கள். புன்னகை அல்ல; சத்தம் வந்தது. காரணம் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, பேனா நல்லா எழுதுது" என்றீர்கள்.

2. மார்ச் 3. நான் அலுவலகத்தில் இருந்த நேரத்தில், பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்த சாவியை வாங்கி, 214 கிலோ எடையுள்ள ரோலர் இஸ்திரி இயந்திரம் ஒன்றை என் முன்னறையில் இறக்கிவிட்டுப் போனீர்கள்.

3. அதே நாள் மாலை. அதை ஏற்றி இறக்கிய வாடகைக்கு என் பெயரில் ரசீது அனுப்பினீர்கள். அதன் அடியில் "உறவுக்காரர் தள்ளுபடி" என்று எழுதிப் பத்து விழுக்காடு கழித்திருந்தீர்கள். எந்த உறவு என்று குறிப்பிடவில்லை.

4. மார்ச் 9 முதல், ஒவ்வொரு திங்கட்கிழமையும். தொண்ணூறு படுக்கை விரிப்புகள்.

5. ஏப்ரல் 3 முதல், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். கடன் நிறுவனத்தின் வசூல்காரர்.

6. மே 26. இவற்றையெல்லாம் தொலைபேசியில் தங்களிடம் முறையிட்டபோது, "எழுதினது நீங்கதானே மாப்பிள்ளை" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தீர்கள். மாப்பிள்ளை என்ற சொல்லைப் பிப்ரவரி 11-க்குப் பிறகு தாங்கள் பயன்படுத்துவது இது ஒன்பதாவது முறை.

இனி விளக்கம். தாங்கள் சாட்சி என்பதால் உண்மைகள் தங்களுக்குத் தெரியும். ஆனால் தங்களுக்குத் தெரிந்தது எனக்கும் இப்போது தெரியும் என்பது தங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக முழுவதையும் எழுதுகிறேன்.

தங்கள் தங்கையும் நானும் பிரிவது என்று முடிவானபோது, வழக்கறிஞரைத் தேடிப் போகாமல் ஒப்பந்தத்தை நானே எழுதுவது என்று தீர்மானித்தேன். முப்பத்தொரு ஆண்டுகளாகக் கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்துபவன் நான்; ஒரு வீட்டுச் சாமானைப் பிரித்துக்கொடுக்க எனக்கு இன்னொருவர் தேவையில்லை. மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றும் விசாரித்தேன். இது யார் வாங்கியது, அது யார் வீட்டார் கொடுத்தது, இந்தக் குக்கருக்கு ஆசைப்பட்டது யார் என்று ஆறு மாதம் வாயாடி, கடைசியில் ஒரு கரண்டிக்காக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் போய்விடுகிறார்கள். எடைக்கு இந்தத் தொல்லை கிடையாது. எடை யார் பக்கமும் பேசாது. ஆகவே பிரிவு 4-ஐ இவ்வாறு எழுதினேன்: "எவர் பெயரில் இருந்தாலும், எந்த இடத்தில் இருந்தாலும், இருபது கிலோவுக்கு உட்பட்ட பொருள்கள் மனைவிக்கு, இருபது கிலோவுக்கு மேற்பட்டவை கணவருக்கு." இருபது கிலோ என்பது நான் வாய்க்கு வந்தபடி போட்ட எண் அல்ல. எங்கள் அலுவலகத்தில் ஓர் ஆள் தனியாகத் தூக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட மிகப் பெரிய சோதனை எடைக்கல் அது. வெளியேறுபவர் அவர், தூக்கிச் செல்லக்கூடியது அவருக்கு, தூக்க முடியாதது வீட்டுக்கு. "எந்த இடத்தில் இருந்தாலும்" என்று சேர்த்ததற்கும் காரணம் உண்டு: என் இரும்பு அலமாரி நான்கு ஆண்டுகளாகத் தங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எடைபோட்டுப் பிரிக்க முடியாதது எதுவும் அந்த வீட்டில் இல்லை என்றே நினைத்தேன்.

பிரிவு 7-க்கும் காரணம் இருந்தது. தங்கள் தங்கை தவணை முறையில் ஒரு கைபேசி வாங்கியிருந்தார். எடை 192 கிராம். நானே நிறுத்துப் பார்த்தேன். அதன் மீதித் தவணைகள் என் தலையில் விழக்கூடாது என்பதற்காக, "பொருளைப் பெறுபவர் அப்பொருளைச் சார்ந்த கடன், முன்பணம், வாக்குறுதி ஆகிய அனைத்தையும் சேர்த்தே பெறுகிறார்" என்று எழுதினேன். இப்போது யோசித்தால், 192 கிராமிடமிருந்து தப்பிக்க நான் கட்டிய சுவரின் அடியில்தான் 214 கிலோ உட்கார்ந்திருக்கிறது.

இந்த இயந்திரத்தின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் நீங்களே அல்லவா, தெரியாமலா போட்டீர்கள் என்று தாங்கள் கேட்கலாம். கேட்டும் இருக்கிறீர்கள். சென்ற நவம்பரில், நாங்கள் ஒரே வீட்டில் இருந்தபோது, தங்கள் தங்கை சந்தைத் தெருவில் எடுத்த இஸ்திரிக் கடைக்காக ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுபவன் நான் அல்லன். பதினொரு பக்கமும் படித்தேன்; ஏழாம் பக்கத்தின் கூட்டுத்தொகையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, கடன் நிறுவனத்தின் மேலாளரே வருத்தம் தெரிவித்துத் திருத்தும்படி செய்தேன். அந்த மகிழ்ச்சியிலேயே ஜாமீனும் போட்டேன். உபகரணம் என்ற கட்டத்தில் "இஸ்திரி இயந்திரம்" என்று இருந்தது. எடையைக் குறிக்க அப்படிவத்தில் கட்டமே இல்லை. இஸ்திரி என்றால் கையில் பிடிப்பது என்றுதான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவனும் நினைப்பான்.

இவ்வளவையும் நான் கண்ணியமாக ஒப்புக்கொள்வதால் இதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒப்பந்தத்தை நான் வாய்விட்டுப் படித்தபோது பிரிவு 4-இல் தங்கள் தங்கை குறுக்கிட்டார்.

"இருபது கிலோவா? நல்லா யோசிச்சிட்டீங்களா?"

"எடை பொய் சொல்லாது" என்றேன்.

"அப்ப சரி" என்றார்.

தாங்களும், "மாப்பிள்ளை, ஒரு நடை அவ கடையை எட்டிப் பாத்துட்டு வந்து கையெழுத்து வாங்குங்களேன்" என்றீர்கள். எட்டிப் பார்ப்பதற்கு நான் வாடிக்கையாளன் அல்லன் என்றேன். அதற்கு மேல் தாங்கள் வற்புறுத்தவில்லை, சிரித்தீர்கள். அந்த இயந்திரத்தை நவம்பரில் கடைக்கு ஏற்றிச் சென்றதே தங்கள் வண்டிதான் என்பதை மார்ச் 3 அன்று ரசீதின் பின்பக்கத்திலிருந்து அறிந்தேன்.

இயந்திரத்தோடு வந்த கடன் தவணைகள் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். ஆனால் தங்கள் தங்கை, ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள விடுதியின் மேலாளரிடம் ஓராண்டு இஸ்திரிக் கூலியை மொத்தமாக முன்பணமாக வாங்கி, அதையே இயந்திரத்துக்கு முதல் தொகையாகக் கட்டியிருக்கிறார். ஆகவே பிரிவு 7-இன்படி நான் அவ்விடுதிக்கு வாரம் தொண்ணூறு விரிப்புகள் வீதம் ஓராண்டு கடன்பட்டிருக்கிறேன். திங்களன்று துவைத்து வருகின்றன. வியாழனன்று இஸ்திரி போட்டு மடித்துத் தரவேண்டும். கூலி கிடையாது, அது நவம்பரிலேயே செலவாகிவிட்டது. முதல் மூட்டை வந்த அன்று, இது என் வேலையல்ல என்று மேலாளரிடம் எடுத்துச் சொன்னேன். அவர், தங்கள் தங்கை கொடுத்திருந்த எங்கள் பிரிவு ஒப்பந்தத்தின் நகலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தார். "சார், 'வாக்குறுதி ஆகிய அனைத்தையும்'னு இருக்கே. யார் எழுதினாங்களோ, ஓட்டையே இல்லாம எழுதியிருக்காங்க" என்றார். பாராட்டை நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எழுதியவர் வேறு யாரோ என்று ஆகிவிடும்.

அன்று முதல் நான் அதிகாலை எழுந்து, குளித்து, உருளையைச் சூடேற்றி, இருபது விரிப்புகள் தேய்த்துவிட்டு அலுவலகம் போகிறேன்; மீதியை மாலையில் தேய்க்கிறேன். காலையில் கடைக்காரர்களின் படிக்கற்களைக் கையில் எடுத்துக் கண்டிக்கும்போது என் கைகளில் சலவை மணம் வருகிறது. காய்கறிக் கடைக்காரர் ஒருவர், "சார் சட்டை இப்பல்லாம் கத்தி மாதிரி நிக்குது, எங்க குடுக்குறீங்க?" என்று கேட்டார். அவருடைய தராசில் நாற்பது கிராம் குறைபாடு இருந்தது. அவர் கேட்டதற்கும் நான் அபராதம் விதித்ததற்கும் தொடர்பில்லை.

இஸ்திரி போடுவதில் எனக்குச் சிரமம் இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஓர் இயந்திரத்தை அதன் விதிப்படி நடத்தினால் அது நடக்கும். சிரமம் மடிப்பதில். இரட்டைக் கட்டில் விரிப்பு என்பது இரண்டே முக்கால் மீட்டர் நீளம். மனிதனுக்குக் கை இரண்டுதான். ஜன்னல் கம்பியில் துணி கிளிப் மாட்டி மறுமுனையைப் பிடிக்கவைத்துப் பார்த்தேன். கிளிப் விடவேண்டிய நேரத்தில் பிடித்துக்கொள்கிறது, பிடிக்கவேண்டிய நேரத்தில் விட்டுவிடுகிறது. இவ்விஷயத்தில் எனக்கு முதலில் உதவியவர், தங்களுக்கு வியப்பாக இருக்கலாம், வசூல்காரர். தெருவில் அவருக்குத் 'தவணை' என்றே பெயர். முதல் வெள்ளிக்கிழமை வந்து வாசலில் நின்று, "சார், கையெழுத்து உங்களுது, நான் மரியாதையாத்தான் கேக்கறேன்" என்று தொடங்கியவர், நான் கிளிப்போடு போராடுவதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் பையை இறக்கி வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தார். அதன்பின் ஆறு வெள்ளிக்கிழமைகள், முந்தின நாள் மடித்து முடியாமல் எஞ்சிய விரிப்புகளை இருவரும் மடித்தோம். மடித்துக்கொண்டே அவர் மிரட்டினார், மடித்துக்கொண்டே நான் அவகாசம் கேட்டேன். ஒவ்வொரு மடிப்புக்கும் அவர் என்னை நோக்கி நான்கு அடி வருவார். "சம்பளத்துலயே கை வெச்சிருவாங்க சார்" என்பார். முனையை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போவார். மே 22 அன்று வந்தவர் பையைக் கீழே வைக்கவில்லை. "மேலிடத்துல கேக்கறாங்க சார், நீ வசூலுக்குப் போறியா வேலைக்குப் போறியான்னு. மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லி அறிவிப்புக் கடிதத்தை நீட்டினார்.

அக்கடிதத்தின் சாரம்: நிலுவையிலுள்ள இரண்டு தவணைகளை ஜூன் 19-க்குள் கட்டாவிட்டால் இயந்திரம் பறிமுதல் செய்யப்படும், மீதித் தொகை ஜாமீன்தாரரின் சம்பளத்தில் பிடிக்கப்படும். பிடிக்கட்டும், சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வேன். ஆனால் எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. கடனுக்காகச் சம்பளம் பிடிக்கப்படும் ஆய்வாளர் முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தன் கணக்கே நேராக இல்லாதவன் அடுத்தவன் தராசைத் தொடக்கூடாது என்பது அதன் கருத்து. நல்ல விதி. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். நான் எழுதுகிற எதுவும் என்னை விட்டு வெளியே போகாது போலிருக்கிறது. முப்பத்தொரு ஆண்டுகள் என் சட்டைப்பையில் இருந்த முத்திரை அது, மைத்துனரே. ஓய்வுபெற இன்னும் இரண்டரை ஆண்டு இருக்கிறது. அதை ஒரு தட்டில் வைத்து மேலதிகாரியின் மேசையில் நீட்ட என்னால் முடியாது.

இதற்கிடையே தங்கள் தங்கையின் நடத்தை. மடிப்பு கோணலாக வருகிறது என்று விடுதி மேலாளர் அவரிடம் போய்ப் புகார் சொல்லியிருக்கிறார். மே 28 வியாழன் காலை தங்கள் தங்கையே என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. பிரிவு 11-இன்படி, மூன்று நாள் எழுத்துப்பூர்வ முன்னறிவிப்பின்றி ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் நுழையக்கூடாது. இருபத்தாறு ஆண்டுகள் என்னை "ஏங்க" என்று அழைத்தவர் இப்படி ஆரம்பித்தார்:

"ஆய்வாளர் சார், நான் உள்ள வரலை. அந்த முனையை இப்படி நீட்டுங்க."

நீட்டினேன். வாசற்படிக்கு வெளியே அவர், உள்ளே நான், நடுவே விரிப்பு.

"இழுக்காதீங்க. பெட்ஷீட்டு சார் இது, தராசு இல்ல."

"விளிம்பும் விளிம்பும் பொருந்தவேண்டும் அல்லவா? அடிக்கோலை வைத்து..."

"அடிக்கோலை உள்ள வைங்க. கண்ணு எதுக்கு இருக்கு?"

இங்கேதான், மைத்துனரே, எங்கள் திருமண வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. தங்கள் தங்கை எல்லாவற்றையும் கண்ணளவில் செய்பவர். உப்பும் கண்ணளவு, கடனும் கண்ணளவு. நான் ஒருநாள், ஒரே ஒருநாள், அவர் கையில் அள்ளிய உப்பைக் குழம்பில் போடுமுன் வாங்கி நிறுத்துப் பார்த்தேன். "ஒரு பிடி உப்பையாவது என்னை நம்பிப் போட விடமாட்டீங்களா" என்று கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தவர்தான். பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியும். இயந்திரத்தை நீயே எடுத்துக்கொள், ஒப்பந்தத்தைத் திருத்திவிடலாம் என்று அன்று வாசலில் நான் சொன்னபோது அவர் சொன்ன பதிலையும் தருகிறேன்: "பிரிவு பதினாலு. சாட்சியும் சேந்து கையெழுத்துப் போட்டாத்தான் திருத்தலாம். எங்க அண்ணன் போட்டா நானும் போடறேன். ஆனா ஒண்ணு சார், கடையும் போச்சு, மெஷினும் போச்சு, நான் ஒரு வார்த்தை கேட்டேனா? நீங்க எழுதினது ஒரு தடவை உங்க தலையில விழட்டும்னுதான் சும்மா இருந்தேன்." பிறகு இதே நிலையில் முப்பத்தெட்டு விரிப்புகளை மடித்துக் கொடுத்துவிட்டு, வணக்கம் சொல்லாமல் போனார். ஜூன் 4 அன்றும் வந்தார், அன்று நாற்பத்தொன்று. தெருவில் போவோர் நின்று பார்த்தார்கள். மானம் போயிற்று என்று எழுதலாம். ஆனால் எவ்வளவு போயிற்று என்று என்னால் நிறுத்துச் சொல்ல முடியவில்லை.

ஆகவே என் கோரிக்கைகள். ஒன்று, இத்துடன் இணைத்துள்ள திருத்தத்தில், அதாவது பிரிவு 4-இல் "இருபது கிலோ" என்பது "இருநூற்றிருபது கிலோ" என மாற்றப்படுவதில், தாங்கள் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். அலமாரியும் கட்டிலும் இதனால் அவருக்கே போய்விடும் என்பது எனக்குத் தெரியும். போகட்டும், நான் தரையில் படுத்துக்கொள்கிறேன். இரண்டு, தங்கள் வண்டியோடு வந்து இயந்திரத்தை அகற்ற வேண்டும். மூன்று, குறை எண் 1-க்கு, அதாவது அச்சிரிப்புக்கு, விளக்கம் தரவேண்டும். இவற்றுக்கு எழுத்துப்பூர்வமான பதில் ஜூன் 15 திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் என் கையில் இருக்கவேண்டும். தவறினால் இயந்திரத்தை உருட்டிக்கொண்டுபோய்த் தெருவில் நிறுத்திவிடுவேன்; வாகனங்கள் சுற்றிப் போகட்டும்.

தங்கள் வண்டிக்கும் அதன் பிரேக்குக்கும் நீண்ட ஆயுளை வேண்டுகிறேன். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். இவ்விவகாரத்தில் இதுவரை சிரிக்காதவர் அவர் ஒருவரே.

இப்படிக்கு,
இயந்திரத்தின் தற்போதைய உடைமையாளர்

பின்குறிப்பு, ஜூன் 11, வியாழன் நண்பகல்: மேற்கண்ட கடிதத்தை உறையிலிட்டு ஒட்டி, தபாலில் சேர்க்குமுன், அன்று மாலையே தங்கள் தங்கையிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. முழு வாசகமும் இதுவே: "ஆய்வாளர் சாருக்கு, பிரிவு 11-ன்படி மூன்று நாள் முன்னறிவிப்பு. வியாழன் காலை ஒன்பது மணிக்கு உள்ளே வருகிறேன். ஜன்னலில் இருக்கும் கிளிப்பைக் கழற்றி வைக்கவும்." அறிவிப்பு முறைப்படி இருந்ததால் மறுக்க எனக்கு உரிமையில்லை. கழற்றி வைத்தேன். ஒன்பது மணிக்கு வந்தார். கூடவே விடுதி மேலாளரும் வந்தார். அவருடைய இரண்டாவது விடுதிக்கு வாரம் நூற்றிருபது விரிப்புகள், இம்முறை கூலியோடு. "ரெண்டு பேரா நின்னு செய்வீங்கன்னா இப்பவே முன்பணம் தர்றேன்" என்றார். நான் பிரிவுகளை யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் தங்கள் தங்கை, "நிப்போம்" என்று சொல்லிவிட்டார். முன்பணம் நிலுவைத் தவணை இரண்டுக்கும் போதும். நாளை வசூல்காரர் 'தவணை' வந்ததும் கொடுத்துவிடுவேன். முத்திரை என் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

தங்கள் தங்கை கண்ணளவில் மடித்த விரிப்புகளில் பதினெட்டை, அவர் தேநீர் போடப் போனபோது எடுத்து அளந்தேன். மிக அதிகமான வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர். அடிக்கோலை வைத்து நான் மடித்தவற்றில் மூன்று. இதை அவரிடம் சொல்லவில்லை, தாங்களும் சொல்லவேண்டாம்.

ஆகவே 2 முதல் 6 வரையிலான குறைகளும் கோரிக்கைகள் ஒன்றும் இரண்டும் திரும்பப் பெறப்படுகின்றன. இணைப்பைக் கிழித்துவிடவும். இயந்திரத்தை யாரும் தொடவேண்டாம். குறை எண் 1 மட்டும் நிலுவையில் இருக்கிறது. அன்று உன் அண்ணன் ஏன் சிரித்தார் என்று தங்கள் தங்கையிடம் சற்றுமுன் கேட்டேன். "அதை அவர்கிட்டயே எழுதிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, விரிப்பின் மறுமுனையில் அவரும் சிரிக்கிறார். எனவே அச்சிரிப்புக்கான எழுத்துப்பூர்வ விளக்கத்தை ஜூன் 18 வியாழன் மாலை ஐந்து மணிக்குள் எதிர்பார்க்கிறேன். தபாலில் அனுப்பவேண்டாம், வண்டியோடு நேரில் கொண்டுவரவும், அன்று இருநூற்றுப் பத்து விரிப்புகளை விடுதிகளுக்குக் கொண்டுசேர்க்க வேண்டியிருக்கிறது. வாடகை ரசீதில் உறவுக்காரர் தள்ளுபடியைக் கழித்துக்கொள்ளவும். எந்த உறவு என்று குறிப்பிடத் தேவையில்லை.